வீட்டார் பாட்டு

பட்டியலில் இருபத்தொரு பாட்டும் ஒரு வெற்றிடமும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை கலியாணத்தில் வாசித்தது இருபத்திரண்டு பாட்டு என்று தொடுதிரைக் கணினியான டெப் சொன்னது.

பஸ்தியான் பாண் துண்டை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திவைத்துக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினான். எண்ணிக்கையில் பிழை விடுகிற ஆள் அவன் இல்லை. கற்பிட்டிக் கரையில் கலியாணங்களுக்கு வாசிக்கிற குழுக்களில், பாட்டுகளை அலுமாரியில் உடுப்பு அடுக்குவது போல அடுக்கி வைத்திருப்பவன் கீபோர்ட் வாசிக்கிற அவன் ஒருவன்தான். நானூற்றுப் பன்னிரண்டு பாட்டு. மெதுவான பாட்டுக்கு நீலம், பைலா ஆட்டப் பாட்டுக்குச் சிவப்பு, கேக் வெட்டுகிற நேரத்துக்கு மஞ்சள், மாப்பிள்ளையின் சித்தப்பா குடித்துவிட்டு மேடைக்கு ஏறினால் வாசிப்பதற்கு ஊதா. சுருதி, வேகம், வரிகள், எத்தனை நிமிடம், எத்தனை செக்கன் எல்லாம் டெப்புக்குள் இருந்தன. காலடியில் ஒரு மிதி. ஒரு தரம் மிதித்தால் அடுத்த பாட்டு திரைக்கு வரும், ட்ராக் என்கிற பின்னணி வாத்தியம் தானாகத் தொடங்கும். கடவுள் உலகத்தை இப்படி அடுக்கியிருந்தால் ஆறு நாள் தேவைப்பட்டிருக்காது என்பது பஸ்தியானின் தாழ்மையான எண்ணம்.

வெற்றிடத்துக்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் கரையில், பட்டியல் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் கடைசிப் பைலாவுக்கு முன்னால் ஒரு இடத்தை வீட்டாருக்கு விடுவது வழக்கம். கலியாணப் பொம்பிளையின் தகப்பன் மேடையோரம் வந்து காதுக்குள் ஒரு பாட்டைக் கேட்பார். கேட்கிற வரைக்கும் அது எதுவென்று ஒருவருக்கும் தெரியக் கூடாது. அதனால் பஸ்தியான் ஒவ்வொரு பட்டியலிலும் ‘வீட்டார் பாட்டு’ என்று பெயர் போட்டு ஒரு வெறும் பக்கத்தை வைப்பான். வரி இல்லை, சுருதி இல்லை. நேரத்துக்கு மட்டும் சும்மா நாலு நிமிடம் பத்துச் செக்கன். தகப்பன் கேட்டால் கேட்ட பாட்டை அந்த இடத்தில் வைப்பான். கேட்காவிட்டால் தாண்டிப் போவான்.

மே மாதம் ஒரு கலியாணத்தில் பொம்பிளையின் தகப்பன் அழுத அழுகையில் பாட்டுக் கேட்கிற நிலையில் இல்லை. வேர்வை கண்ணுக்குள் எரிந்தது. தாண்டுவதற்கு மறந்து பஸ்தியான் மிதியை மிதித்துவிட்டான். திரைக்கு வெறும் பக்கம் வந்தது. அடுத்த கணம் கடைசிப் பைலா பாதியில் போய்க்கொண்டிருந்தது; சனம் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது; விரல்கள் மாத்திரம் நெடுநேரம் எதையோ வாசித்த விரல்களைப் போல வலித்தன. வெயில், என்று நினைத்துக்கொண்டான். அந்தக் கரையில் எதற்கும் வெயிலைச் சொல்லலாம். வெயில் மறுத்துப் பேசாது.

புதுப் பட்டியலை அவன் ஒருபோதும் முதலிலிருந்து எழுதுவதில்லை. பழையதைப் பிரதியெடுத்து, நாலு பாட்டை மாற்றி, புது மாப்பிள்ளையின் பெயரைப் போட்டுவிடுவான். ஆகவே அந்த வெறும் பக்கமும் கலியாணத்துக்குக் கலியாணம் கூடவே வந்தது.

இப்போது அவன் டெப்பின் பதிவுகளைத் திறந்தான். எந்தப் பாட்டை எந்த நாளில் எவ்வளவு நேரம் வாசித்தார்கள் என்று அது தானாகவே குறித்து வைத்திருந்தது. வீட்டார் பாட்டு: மே மாதம் ஒருமுறை. ஜூலையில் ஒருமுறை. நேற்று. மூன்றுமுறையும் நாலு நிமிடம் பத்துச் செக்கன்.

பாணைத் தட்டில் வைத்தான்.

வெளியே காற்று. ஓகஸ்ட்டில் அந்தக் காற்றுக்கு மரியாதை தெரியாது. கோழி முட்டையிட்டால் மூன்று வீடு தள்ளிப் போய்த்தான் எடுக்க வேண்டும். கொல்லைப்புறக் கொடியில் குழுவின் ஊதா உடுப்புகளை மெரினா காயப்போட்டிருந்தாள். கைகளெல்லாம் ஒரே பக்கமாக, கடலுக்கு எதிர்ப்புறமாக நீட்டிக்கொண்டு நின்றன. நாலு ஆண்பிள்ளைச் சேட். இரண்டு பிளவுஸ்.

“மெரினா, என்னத்துக்கு ஆறு உடுப்பு தோய்ச்சிருக்கிறாய்?”

அவனுடைய மனைவி, குழுவின் பாடகி, வாயில் கொடிக்கவ்வியோடு திரும்பினாள். “வான் வண்டிக்குள்ள பையில கிடந்ததெல்லாம் தோய்ச்சன். என்ன, கணக்குப் பார்க்கிறீங்களா?”

“நாங்க மூண்டு பேர்தானே.”

“ஓம், மூண்டு பேர்தான்.” அவள் கவ்வியைக் கையில் எடுத்தாள். ஒரு சேட்டின் வயிற்றுப் பக்கத்தை இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தாள். “இது ஆற்ற? இந்த வயித்துக்கு எங்கட ஆலங்குடாவில ஆள் இல்லையே.” சிரிக்கப் போனாள். சிரிப்பு வரவில்லை. ஈரச் சேட்டை மூக்கில் வைத்து மணந்தாள். ஏன் மணந்தோம் என்று தெரியாதவள் போல உடனே விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அன்ரனிப்பிள்ளை வந்தார். குழுவில் தாளம் தட்டுகிறவர். அறுபது வயது, அவருடைய தாளத்தை வைத்துக் கோயில் மணிக்கூட்டைத் திருத்தியதாகச் சொல்வார்கள், அவர்தான் சொல்வார்.

“தம்பி, சனம் உந்தப் பாட்டைத்தான் கதைக்குது” என்றார்.

“எந்தப் பாட்டு அண்ணன்?”

“கடைசிக்கு முதல் வாசிச்சதாம். அப்படி ஒரு பாட்டுக் கேட்டதில்லையாம். மீன் ஏலத்தில ஒருத்தன் கையைப் பிடிச்சுக்கொண்டு விடமாட்டன் எண்டுட்டான்.”

“நாங்க அப்படி ஒண்டும் வாசிக்கேல்லையே.”

“அதைத்தானே நானும் சொன்னன். பாடிக் காட்டடா எண்டன். வாயைத் திறந்தான்.” அன்ரனிப்பிள்ளை தேத்தண்ணீரை உறிஞ்சினார். “திறந்தபடி நிண்டான். சத்தம் இல்ல. பக்கத்தில நிண்ட ரெண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டு கேக்கிறாங்கள். எனக்கு மட்டும் ஒண்டும் கேக்கேல்ல. எனக்குக் காது போயிட்டுதோ எண்டு ஐஸ் பெட்டியில ரெண்டு தட்டுத் தட்டிப் பார்த்தன். அது கேட்டுது.”

அவர் போன பிறகு பஸ்தியான் சனிக்கிழமைக் கலியாணத்துக்குரிய பட்டியலைத் திறந்தான். பழக்கப்பட்ட பாட்டுகளுக்குக் கீழே குறிப்பு எழுதுகிற ஒரு கட்டம் இருக்கும். வருடக்கணக்கில் அதை அவன் விரித்துப் பார்த்ததில்லை. விரித்தான்.

‘கிருஷாந்! கிற்றார் வாசிக்கும்போது கண்ணை மூடாதே. சனம் நித்திரை என்று நினைக்குது.’

‘அஜித்தா, இந்த இடத்தில் மெரினாவுக்குக் கீழே பாடு. போட்டி வேண்டாம்.’

‘நிலுக்சன், பேஸ் கிற்றாருக்கு நாலு கம்பிதான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டாம்.’

அவனுடைய எழுத்து. ஆச்சரியக்குறிக்கு முன்னால் இடம் விடாமல் தட்டுகிற அவனுடைய பழக்கம். அந்தப் பெயர்கள் கொண்ட ஆட்களை அவனுக்குத் தெரியாது.

பெயர்களைக் கண்டிருக்கிறான். சத்தம் கூட்டிக் குறைக்கிற பக்கத்தில் ஆறு நிமிர்ந்த கோடுகள் உண்டு. விரலால் மேலே தள்ளினால் அந்த ஆளின் சத்தம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். ஒவ்வொரு கோட்டின் அடியிலும் ஒரு பெயர். பஸ்தியான், அன்ரனிப்பிள்ளை, மெரினா. மற்ற மூன்றும் பின்னணி இசை செய்து விற்கிறவன் வைத்த பெயர்கள் என்றும், அவன் தன் பிள்ளைகளின் பெயரை வைத்திருப்பான் என்றும் எப்படியோ ஒரு நினைப்பு அவனுக்குள் இருந்தது. அந்த நினைப்பு எப்போது வந்தது என்று யோசித்தான். அதற்கு ஒரு தொடக்கம் அகப்படவில்லை.

பழைய பதிவுகளுக்குப் போனான். மே மாதத்து வீட்டார் பாட்டில் ஐந்து கோடுகள் அடியில் கிடந்தன. அஜித்தாவின் கோடு மட்டும் உச்சியில் நின்றது. ஜூலையில் கிருஷாந். நேற்று முன்தினம் நிலுக்சன்.

சனிக்கிழமைப் பட்டியல் நிலுக்சனின் கோடு உயர்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலின் பிரதி. அவனுடைய கோடுதான் உயர்ந்திருக்க வேண்டும்.

மெரினாவின் கோடு உயர்ந்திருந்தது.

பட்டியலை ஆட்களுக்கு அனுப்புவதற்காக டெப்புக்குள் எல்லோருடைய போன் இலக்கமும் இருந்தது. நிலுக்சனின் இலக்கத்துக்கு அடித்தான். ஏழு தரம் மணி போனது.

“ஆரு?” என்றது ஒரு பெண் குரல்.

தெரிந்த குரல். மாக்கிறட் அக்கா. நாலு ஒழுங்கை தள்ளி, தனியாக இருக்கிற விதவை. பிள்ளை குட்டி இல்லாதவள்.

அவன் போனபோது அவள் வாசலில் நின்றாள். கையில் அந்தப் போன்.

“உன்ரயா தம்பி? ரெண்டு நாளா அறைக்குள்ள கிடந்து அடிக்குது. களவெடுத்தனான் எண்டு பொலிசு வரப்போகுதோ எண்டு பயந்துபோனன்.”

“எந்த அறைக்குள்ள அக்கா?”

காட்டினாள். ஒற்றைக் கட்டில். மடித்த சாரம். சுவரில் நாலு கம்பிக் கிற்றார், தோல்வாரில் வேர்வைக் கறை இன்னும் ஈரம். பவுடர் மணமும் இளைய ஆண்பிள்ளைகளின் அறைகளில் இருக்கிற அந்தச் சப்பாத்து மணமும்.

“இது ஆற்ற சாமான்?”

“எனக்கென்ன தெரியும்? கிடக்குது. தூசு தட்டினன்.” குசினியில் அடுப்பில் இருந்த சட்டியை அவள் பார்த்தாள். “ஒரு ஆளுக்குத்தான் சோறு போடுறன். ரெண்டு ஆளின்ர சோறு வந்து நிக்குது. என்ர கைக்கு என்ன பிடிச்சுதோ.” பிறகு குரலைத் தாழ்த்தினாள், பக்கத்து வீட்டுக் கதை சொல்வது போல. “ஞாயிற்றுக்கிழமையில இருந்து அழுகை வருது தம்பி. செத்த வீடு ஒண்டும் இல்ல. நான் ஆருக்கு அழுறன்?”

பஸ்தியான் அந்த அறைக் கதவைச் சாத்தினான். ஒரு தாயின் வயிற்றிலிருந்தே துடைத்து எடுக்கிற பாட்டு அது என்றால், பதினெட்டு வருடம் தன்னோடு படுத்து எழும்பியவளைத் தன்னிடமிருந்து எடுக்க அதற்கு எத்தனை செக்கன் தேவைப்படும் என்பதை மட்டும் கணக்குப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

அன்று மத்தியானமே வெறும் பக்கத்தை அழித்தான். எல்லாப் பட்டியலிலிருந்தும் அழித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பட்டியலைப் பிரதியெடுக்காமல் முதலிலிருந்து எழுதினான்: இருபத்தொரு பாட்டு, இடைவெளி இல்லை. மெரினாவைப் பாட வரவேண்டாம் என்றான்.

“என்ன கதை இது? கலியாண வீட்டுக்காரர் என்ர மச்சாள்மார். நான் போகாட்டி வருஷக்கணக்கில கிழிப்பாளுகள்.”

“காய்ச்சல் எண்டு சொல்லு.”

“உங்களுக்குத்தான் காய்ச்சல்.” அவன் நெற்றியில் கையை வைத்தாள். உள்ளங்கையில் உள்ளி மணம். “என்னப்பா இது, அழுறீங்களா?”

எல்லாவற்றையும் சொன்னான். அவள் முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு, “பக்கத்தை அழிச்சாச்சுத்தானே?” என்றாள்.

“ஓம்.”

“பிறகென்ன?” என்று எழுந்து போனாள். ஆனால் அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள் முணுமுணுத்துப் பாடுவதை நிறுத்திவிட்டாள் என்பதை அவன் கவனித்தான்.

சனிக்கிழமை. கடலை ஒட்டிய தென்னந்தோப்புக்குள் தகரக் கூரை போட்ட மண்டபம், நான்கு பக்கமும் திறந்தது. பகல் சாப்பாட்டுக் கலியாணம். பிரியாணி மணம், மல்லிகை மணம், தூரத்தில் கருவாடு காய்கிற மணம் எல்லாம் காற்றில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன. வெளியே தண்ணீருக்கு மேல் சுற்றுலா வந்த வெள்ளைக்காரர் சறுக்குப் பலகையில் நின்று பெரிய பட்டங்களில் தொங்கிக்கொண்டு போனார்கள். வெயில் எல்லாவற்றையும் வெள்ளையாகக் காட்டியது. இப்படிப்பட்ட வெளிச்சத்தில் ஒன்றும் நடக்காது என்று பஸ்தியான் தனக்குச் சொல்லிக்கொண்டான். நடந்த மூன்று தடவையும் இதே வெளிச்சம்தான் என்பதையும் அவன் மனம் அவனுக்குச் சொன்னது.

இருபது பாட்டு நல்லபடி போனது. மெரினா பாடினாள். அன்ரனிப்பிள்ளை தட்டினார். டெப் சொன்னபடி கேட்டது. ஒரு சித்தப்பா மேடைக்கு ஏறி, ஊதா நிறப் பாட்டோடு இறங்கினார். இன்னும் ஒரு பைலா.

மிதியை நோக்கிக் காலைத் தூக்கினான்.

பொம்பிளையின் தகப்பன் மேடையோரம் வந்து நின்றார். சிரித்த முகம். நெற்றியில் வேர்வை.

“வீட்டார் பாட்டு எங்க தம்பி?”

“இண்டைக்கு இல்ல ஐயா. நேரம் போதாது.”

“அது எப்படி? வீட்டார் கேட்டால் வாசிக்கத்தானே வேணும்.” அவர் குரல் உரக்க வந்தது. “அந்தப் பாட்டுத்தான். போன ஞாயிறு வாசிச்சது.”

“ஓம், ஓம், அந்தப் பாட்டு!” என்றது முதல் வரிசை. பிறகு இரண்டாம் வரிசை. மேசைகளில் கரண்டி தட்டினார்கள். பிள்ளைகள் தட்டினார்கள்.

“அந்தப் பாட்டு எனக்குத் தெரியாது ஐயா.”

“எங்களுக்குத் தெரியும்” என்றார் தகப்பன். வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை.

அவருக்குப் பின்னால் ஒரு கிழவி வாயைத் திறந்தாள். மாப்பிள்ளை திறந்தான். பொம்பிளை திறந்தாள், உதட்டுச் சாயம் பல்லில் பட்டிருந்தது. முந்நூறு பேர். கரண்டிகள் ஓய்ந்தன. பரிமாறிக்கொண்டிருந்தவன் சட்டியைக் கையில் வைத்தபடி நின்றான். தென்னோலைகள் ஆடின, ஆனால் சத்தம் போய்விட்டது. கடல் அடித்தது, சத்தம் இல்லை. முந்நூறு திறந்த வாய்கள் உலகத்திலிருந்த சத்தத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தன.

டெப்பைப் பார்த்தான்.

வெறும் பக்கம்.

அவன் மிதிக்கவில்லை. கால் மிதியில் இல்லை. மேலே நேரம் ஓடத் தொடங்கியிருந்தது. பூச்சியம், ஒன்று. பூச்சியம், இரண்டு.

அன்ரனிப்பிள்ளையின் கைகள் எழுந்தன. கண்கள் எங்கேயோ. தட்டினார். தாளம் இல்லாத தட்டல். அவருக்குத் தெரியாத தட்டல்.

மெரினா மைக்கைப் பிடித்தாள். அவனைத் திரும்பிப் பார்த்தாள். பயம் அவள் கண்ணில் இருந்தது. அவள் வாயில் இல்லை. வாய் மெல்லத் திறந்துகொண்டிருந்தது.

“பாடாத!” என்றான். அவனுக்கே கேட்கவில்லை.

சத்தப் பக்கத்தைத் திறந்தான். அவளுடைய கோடு உச்சியில். கீழே இழுத்தான். ஏறியது. இழுத்தான். ஏறியது. விரலால் அழுத்திப் பிடித்தான். திரை சுட்டது. விரலுக்கடியில் அது ஒரு நாடியைப் போலத் துடித்து, நழுவி, மேலே போனது.

ஒரு நிமிடம் நாற்பது.

அவள் பெயரைச் சொல்லிப் பார்த்தான். மெரினா. மெரி. மெ.

இன்னும் இரண்டு எழுத்து எங்கே?

அந்த நேரத்தில்தான் அவன் கை தன்னுடைய கோட்டுக்குப் போனது. பஸ்தியான். அது அடியில் கிடந்தது. மேலே தள்ளினான்.

தடையில்லை. அது காத்துக்கொண்டிருந்தது போலப் போனது. உச்சி வரை.

அவளுடைய கோடு தானாக விழுந்தது.

மெரினாவின் வாய் மூடியது. அவள் இருமினாள். மைக்கை விட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

அவனுடைய விரல்கள் கட்டைகளுக்குப் போயின. வாசித்தன. முதல் தடவையாக அந்தப் பாட்டு அவனுக்குக் கேட்டது. அது அழகாக இருந்தது. அதுதான் மோசம்.

நாலு நிமிடம் பத்து.

சனம் எழுந்து கைதட்டியது. காற்றின் சத்தம் திரும்பி வந்தது, கடலும் கரண்டியும் வந்தன. மெரினா முகத்தைத் துடைத்தாள். மேடையை ஒருமுறை பார்த்தாள். அவளுடைய பார்வை அவன் நின்ற இடத்துக்கு வந்தது. நிற்கவில்லை. தாண்டிப் போனது.

“அண்ணன், கீபோர்ட் ட்ராக்கில இருக்குத்தானே?” என்றாள்.

“ஓம் பிள்ளை. நாங்க ரெண்டு பேரும் என்னத்தைச் சமாளிக்கிறது, எல்லாம் ட்ராக்தான்” என்றார் அன்ரனிப்பிள்ளை.

கடைசிப் பைலா தொடங்கியது. எல்லோரும் ஆடினார்கள்.

பஸ்தியான் கூப்பிடப் பார்த்தான். கூப்பிடுவதற்குக் குரல் இல்லை. விரல்களை எடுக்கப் பார்த்தான். அவை வாசித்துக்கொண்டே இருந்தன. நாலு நிமிடம் பத்து முடிந்தது மற்றவர்களுக்குத்தான்.

பக்கத்தில் யாரோ பாடினார்கள். மெரினாவின் குரலுக்குக் கீழே பாடப் பழகிய ஒரு குரல். அதற்கு அப்பால் கிற்றார். இன்னும் அப்பால் நாலு கம்பி. தலையைத் திருப்ப முடியவில்லை. திருப்பத் தேவையும் இருக்கவில்லை. இப்போது அவர்களை அவனுக்கு நன்றாக ஞாபகம் வந்தது. மூவரும் அழுதுகொண்டு வாசித்தார்கள்.

சனம் கலைந்தது. வெயில் சாய்ந்தது. அன்ரனிப்பிள்ளை அவனுடைய விரல்களுக்கு அடியிலிருந்து கீபோர்டைத் தூக்கிப் பையில் போட்டார். விரல்கள் வெறும் காற்றில் ஓடின. மெரினா டெப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வான் வண்டிக்கு நடந்தாள். நடக்கிறாள். சாப்பிடுவாள், தூங்குவாள், மச்சாள்மாரோடு சண்டை பிடிப்பாள். அது போதும் என்று நினைத்தான். உண்மையாகவே நினைத்தான்.

வான் போயிற்று.

மண்டபத்து ஆட்கள் பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்கள். பின்வரிசை. நடுவரிசை. முதல் மூன்று வரிசைக்கு வந்தார்கள். பேசிக்கொண்டே கதிரைகளை இழுத்து எடுத்தார்கள்.

அவற்றில் இருந்தவர்கள் இருந்தபடியே இருந்தார்கள்.

கதிரை இல்லாமல், முழங்கால் மடிந்தபடி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு. கலியாணத்துக்கு வந்த உடுப்பு. பொம்பிளை வீடா மாப்பிள்ளை வீடா என்று சொல்ல முடியாத முகங்கள். தலைமயிரிலிருந்து கடல்தண்ணீர் சொட்டியது. தரை நனையவில்லை. அந்தப் பாட்டைக் கேட்ட வீட்டார் இவர்கள்தான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள், சாப்பிட்டு முடித்த ஆட்கள் பார்க்கிற மாதிரி, அமைதியாக.

பாட்டு முடிந்தது. விரல்கள் நின்றன.

அவர்கள் கைதட்டினார்கள். ஈரக் கைகள்.

பிறகு முன்வரிசையில், நடுவில் இருந்தவர் மெல்லச் சிரித்து, ஒரு விரலை உயர்த்தினார்.

இன்னும் ஒன்று.